போதகர் வீட்டுக் குசினி

மகனே,

உன் கடிதம் கொழும்பிலிருந்து கிளாலிக் கடலைத் தாண்டி, யாரோ முகம் தெரியாத ஒருவரின் சட்டைப் பைக்குள் வியர்வையில் ஊறி, ஓரமெல்லாம் மை கலங்கி, நேற்று எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். போதகர்மாருக்கு உதவும் நிதியத்தின் செயலாளராக உன்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்ற இடம் வந்ததும், "அதை இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். முன்விறாந்தைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "எங்கடை பெடியன்" என்றார். உன் அப்பாவின் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு புகழ்ச்சி வந்தால் சித்திரையிலேயே மாரி மழை கொட்டும் என்று உனக்குத் தெரியும். நான் அவரைப் போல அடக்கமான ஆள் இல்லை. குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து நன்றாக அழுதுவிட்டுத்தான் வந்தேன். நீ சின்ன வயதில் ஆலயத்தில் காணிக்கைப் பையைப் பிடித்துக்கொண்டு வாங்கு வாங்காகப் போகும்போது, சில்லறை விழும் சத்தத்தை வைத்தே யார் எவ்வளவு போட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து சொல்லுவாய். அதற்காக என்னிடம் குட்டும் வாங்குவாய். அந்தக் கை இன்று எத்தனையோ சபைகளின் காணிக்கைக்குப் பொறுப்பாகப் போகிறது. கடவுள் அந்தக் கையைக் காக்கட்டும்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கந்தான் என்னை இருக்க விடவில்லை. செயலாளராக நீ செய்யப்போகும் முதல் வேலை என்று ஒன்றை எழுதியிருந்தாய். இனிமேல் குடாநாட்டுக் கிராமச் சபைகள் தங்கள் போதகரைத் தாங்குவதற்கென்று ஒரு சதமும் தரத் தேவையில்லை, முழுச் சம்பளத்தையும் நிதியமே நேராகப் போதகருக்குக் கொடுத்துவிடும், யுத்தத்தில் நொந்துபோன சனத்தின் தலையிலிருந்து இந்தச் சுமையையாவது இறக்கி வைப்போம் என்று எழுதி, "அம்மா, உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்" என்றும் கேட்டிருந்தாய். உன் மனம் நல்ல மனம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் ஆசீர்வாதம் நீ கேட்காமலே உனக்கு உண்டு. ஆனால் அந்தத் திட்டத்துக்கு என் வாயால் ஆமென் சொல்ல முடியவில்லை. ஏன் என்று சொல்வதென்றால், நீ இல்லாத காலத்தில் இங்கே நடந்த ஒன்றை, நான் இதுவரை உனக்கு முழுதாக எழுதாத ஒன்றை, இப்போது எழுதியாக வேண்டும். இது ஒளித்து வைத்து வாசிக்கும் கடிதமல்ல. உன்னோடு அந்த மேசையைச் சுற்றி உட்காரப்போகும் எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. நான் வாயாடி என்பது கொழும்பு வரைக்கும் தெரிந்தால் எனக்கொன்றும் குறைந்துவிடாது.

நிதியம் எங்களுக்குச் செய்த நன்மையை முதலில் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு, கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களும், பிறகு கடல் கடந்து போனவர்களுமாகச் சில விசுவாசிகள் சேர்ந்து தொடங்கியது அது. கிராமத்துப் போதகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்த காலம். மேய்ப்பன் இல்லாமல் ஆலயங்கள் பூட்டிக் கிடக்கக்கூடாது, இருக்கிற மூப்பர்மாரையாவது பழக்கி எடுக்கவேண்டும் என்று உடுவில் பக்கம் ஒரு மண்டபத்தில் வகுப்பு வைத்தார்கள். நானும் அப்பாவும் ஒரே சைக்கிளில் போனோம். கண்ணாடி போட்ட ஒரு ஐயா கரும்பலகையில் ‘உக்கிராணத்துவம்’ என்று பெரிதாக எழுதிவிட்டு, இருக்கிறதெல்லாம் கடவுளுடையது, நாங்கள் களஞ்சியத்தின் திறப்பைக் கையில் வைத்திருக்கும் ஆட்கள் மட்டுந்தான் என்று விளக்கினார். எங்கள் பெரிய மூப்பர் அதுவரை சபைக் காசைத் தன் கட்டிலின் கீழே ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தவர். களவு என்று சொல்லமாட்டேன். வெங்காய நடுகைக்குக் கொஞ்சம் எடுப்பார். வெங்காயம் விற்றதும் திருப்பி வைப்பார். வெங்காயம் அழுகின வருடத்தில் ஆலயத்துக் கூரை ஒழுகும். அந்த வகுப்புக்குப் பிறகுதான் காணிக்கைப் பையை இரண்டு பேர் சேர்ந்து திறப்பது, மூப்பர்மார் கைமாற்று எடுக்காமல் விடுவது, வரவு செலவைச் சபை முழுவதும் கேட்க வாசிப்பது எல்லாம் எங்கள் ஊருக்கு வந்தன. பெண்களும் சபைக் குழுவில் இருக்கவேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றபடியால்தான் நானும் அந்த மேசைக்கு வந்தேன். பெரிய மூப்பருக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

அவர்கள் கொண்டுவந்த இன்னொரு சட்டம், போதகர் எந்த வீட்டிலும் தனக்கென்று காசோ பொருளோ கேட்கக்கூடாது என்பது. அதுவும் நல்ல சட்டந்தான். முன்பிருந்த ஒரு போதகர் கல்வீட்டுக்காரரின் வாசலே கதியென்று கிடந்ததும், ஓலைவீட்டுக்காரரின் செத்தவீட்டுக்குப் பிந்தி வந்ததும் ஊரறிந்த கதை. கைநீட்டத் தொடங்கினால் கண் தாழ்ந்துவிடும், கண் தாழ்ந்தவன் எப்படிப் பிரசங்கம் செய்வான் என்று அந்தக் கண்ணாடி ஐயா கேட்டார். அதற்குப் பதிலாகப் போதகரின் சம்பளத்தில் பெரும் பகுதியை நிதியம் மாதா மாதம் வங்கியில் போடத் தொடங்கியது. எங்கள் சபைக்குப் புதிதாக வந்த போதகர் அந்தச் சட்டத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் மிசன் வீட்டுக்குள், ஆலயத்துக்குப் பக்கத்தில் போதகர்மார் குடியிருக்கும் அந்த வீட்டுக்குள், காலடி வைத்தார். உனக்கு அவரை நன்றாகத் தெரியும். உயரமான, ஒல்லியான மனிதர். பேச்சு குறைவு. பாடினால் மட்டும் ஆலயம் அதிரும்.

அதுவரைக்கும் எங்கள் போதகர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்று உனக்கு நினைவிருக்கும். பிடியரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசி போட முதல் ஒரு பிடி அள்ளி, அடுப்படியில் இருக்கும் சின்ன மண்முட்டிக்குள் போட்டுவிடுவோம். சனிக்கிழமை பின்னேரம் நான் பனையோலைக் கடகத்தோடு வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்து மிசன் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டுவேன். சிவப்பும் வெள்ளையும், புழுங்கலும் பச்சையும் கலந்த அரிசி; ஒன்று அவியும்போது மற்றது குழைந்துவிடும். வந்துபோன போதகரம்மாமார் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அரிசியைக் கொட்டுவதென்றால் குசினிக்குள் போகவேண்டும் அல்லவா? போனால் எண்ணெய்ப் போத்தலில் எவ்வளவு இருக்கிறது, பிள்ளை ஏன் இருமுகிறது, அம்மாவின் முகம் ஏன் வாடிக் கிடக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். கேட்கத் தேவையில்லை. அடுத்த நாளே ஒருத்தி முருங்கைக்காயோடு போவாள், இன்னொருத்தி கொத்தமல்லி அவித்துக் கொண்டு போவாள். சபை போதகரைப் பார்த்துக்கொண்டது அப்படித்தான்.

நிதியத்தின் சம்பளம் ஒழுங்காக வரத் தொடங்கியதும், பொதுக்கூட்டத்தில் அப்பா எழுந்து நின்றார். "ஐயாவை இன்னும் பிடியரிசியிலை வைச்சிருக்கிறது எங்களுக்குத்தான் வெட்கம். அவர் என்ன பிச்சைக்காரரோ? முட்டியை எடுத்து வைப்பம்" என்றார். மரியாதையில்தான் சொன்னார். கேட்டவர்களுக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது. எல்லாரும் கை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன், சனிக்கிழமை வெயிலில் கடகம் சுமக்கும் வேலை விட்டது என்று எனக்குள்ளே ஒரு ஆறுதலும் இருந்தது. எங்கள் ஆட்களுக்குச் சோற்றை விட மானம் பெரிது என்று நீயே பகிடி பண்ணுவாய். மானத்துக்காகச் செய்தபடியால் அது பிழை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முட்டியில் கோழிக்குத் தவிடு போட்டு வைத்தோம்.

அந்தப் போதகரின் இளைய மகள் றஞ்சியை நீ மறந்திருக்கமாட்டாய். சைக்கிள் பாரில் துவாயைச் சுற்றி அவளை இருத்தி ஆலய வளவைச் சுற்றிச் சுற்றி ஓடுவாய். "சைக்கிள் அண்ணை" என்றுதான் உன்னைக் கூப்பிடுவாள். நீ கொழும்புக்குப் போகிற அன்று அவள் விடாமல் அழ, சைக்கிள் மணியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு மிசன் வீட்டைக் கடந்துபோகும் எங்கள் எல்லாருக்கும் அந்த மணிச் சத்தந்தான். அவளுக்கு ஆறேழு வயதிருக்கும்போது தொண்ணூறாம் ஆண்டு வந்தது.

சண்டை திரும்பத் தொடங்கியது. கொழும்புக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள். மின்சாரம் போனது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், மருந்து ஒவ்வொன்றாகப் போயின. வங்கிகள் பூட்டின. நிதியத்தில் இருந்தவர்கள் அந்த மாதங்களிலும் போதகரின் சம்பளத்தை அனுப்பத்தான் செய்தார்கள். அது கொழும்பை விட்டு அசையவில்லை. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. இதை நீ நன்றாக விளங்கிக்கொள்ளவேண்டும், மகனே. எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தோம். சபைக் குழு கூடியது. காணிக்கைப் பையை இரண்டு பேர் சேர்ந்துதான் திறந்தோம். உள்ளே விழுந்த கொஞ்சத்தைக் குண்டு விழுந்து உடைந்த ஓடுகளுக்கும், ஆலயப் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கிய அகதிச் சனத்துக்கும் ஒதுக்கினோம். போதகர் தலைமை இருந்து ஜெபித்துக் கூட்டத்தை முடித்துவைப்பார். அவருக்கு எப்படிப் போகிறது என்று அந்த மேசையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. "ஐயாவுக்கென்ன, வெளிநாட்டுக் காசு வருகுதுதானே" என்று பெரிய மூப்பர் ஒருநாள் சொன்னபோது, நானும் தலையாட்டினேன். அகதிச் சனமும் முதலில் போய்க் கேட்டது அவரிடந்தான். அவர் இல்லை என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

எங்கள் கண்ணைத் திறந்தது எங்கள் ஆள் அல்ல. மிசன் வீட்டுக்குப் பின்வேலியில் இருக்கும் பரமேஸ் அக்கா, இணுவில் கந்தசாமி கோயிலே கதியென்று கிடக்கும் மனுசி. ஐப்பசியில் கந்தசட்டி விரதம் இருந்தா. அந்த நாட்களில் ஒரு காலை கிணற்றடிக்கு வந்து என்னிடம் கேட்டா:

"தங்கச்சி, உங்கடை வேதத்திலையும் கந்தசட்டி மாதிரி நீண்ட விரதம் இருக்கோ?"

"இல்லையே அக்கா. ஏன் கேக்கிறியள்?"

"இல்லை, மிசன் வீட்டு அடுப்பிலை புகையைக் காணேல்லை. வெறும் வயித்தோடை இருக்கேக்கை மற்ற வீட்டுப் புகைதான் முதலிலை மூக்கிலை படும், பார். அங்கை பின்னேரத்திலை ஒருக்கா மட்டுந்தான். அந்த அம்மாவும் என்னோடை வேலியிலை முசுட்டை இலை ஆயிறா. வறைக்கெண்டால் ஒரு பிடி காணும். அவ சோத்துக்குப் பதிலா ஆயிற மாதிரியெல்லோ ஆயிறா. நான் நினைச்சன், வேதக்காரருக்கும் ஏதோ நோன்பாக்கும் எண்டு."

நான் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு அப்படியே மிசன் வீட்டுக்குப் போனேன். போதகரம்மா விறாந்தைக்கு வந்து, "வாங்கோ அக்கா, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டா. "சாப்பிட்டிட்டியளோ?" என்று கேட்டேன். "ஓம், இப்பத்தான் சாப்பிட்டனாங்கள்" என்றா. எவ்வளவு லேசாகச் சொன்னா! நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் நம்பிவிட்டு வந்திருப்பேன். "தண்ணி விடாய்க்குது, நானே எடுத்துக் குடிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே நடந்தேன். அவ பின்னாலே வந்து, "அக்கா, நில்லுங்கோ, நான் கொண்டு வாறன்" என்றா. நான் நிற்கவில்லை. எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தக் குசினிக்குள் போனேன் என்று நினைத்துப் பார். அடுப்பு கூட்டித் துடைத்த மாதிரி இருந்தது. சட்டியில் நேற்றைய இலைக்கறி கொஞ்சம். மூலையில் அரிசிப் பானை. மூடியைத் திறந்தேன். உள்ளே பிள்ளைகளின் பழைய சட்டைகளை மடித்து வைத்திருந்தா.

றஞ்சி அடுப்படிக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தாள். பக்கத்தில் உன் சைக்கிள் மணி. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. கண் இரண்டும் மஞ்சள். "மாமி, சைக்கிள் அண்ணை எப்ப வருவார்?" என்று கேட்டாள். "வருவார் ராசாத்தி" என்றேன். வேறு என்ன சொல்லுவேன்?

போதகர் வெளியிலிருந்து வந்தார். நான் அழுகையிலும் ஆத்திரத்திலும் சன்னதம் வந்தவள் மாதிரி நின்றேன். "ஐயா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஊரிலை எங்களுக்கு அரிசி இல்லையோ?" என்றேன்.

அவர் சட்டையின் கழுத்துப் பட்டனைத் தடவிக்கொண்டு நின்றார். "அம்மா, வீட்டு வாசல்களிலை போய்க் கேக்கமாட்டன் எண்டு கையெழுத்து வைச்சனான். அது நல்ல சட்டம். வயிறு காஞ்ச உடனை சட்டம் பிழையெண்டு சொல்லலாமோ? நிதியத்துக்காரர் எப்பிடியும் அனுப்புவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"சட்டம் உங்களுக்கு, ஐயா. இந்தப் பிள்ளைக்கு ஆர் சட்டம் போட்டது?" என்று கேட்டுவிட்டேன். அதை நான் கேட்டிருக்கக்கூடாது. அவர் குனிந்து பிள்ளையின் பாயை நேராக்கினார். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்று மத்தியானத்துக்கு முன்பே எங்கள் வீட்டு அரிசி அங்கே போனது. மாலைக்குள் ஊர் முழுவதும் கேள்விப்பட்டது. கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பரியாரியைக் கூட்டிவந்தார்கள், பிறகு பெரியாஸ்பத்திரிக்குச் சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு போனார்கள். அங்கே மருந்து இல்லை. இருந்த மருந்தும் காயப்பட்டு வந்தவர்களுக்கே காணாமல் இருந்தது. டொக்டர் பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்து, "செங்கமாரி எல்லாருக்கும் வருகுது, பெரும்பாலும் மாறியும் போகுது. ஆனால் இந்த உடம்பிலை தாங்கிறதுக்கு ஒண்டுமில்லை" என்றார். றஞ்சி அதே கிழமை இறந்துபோனாள்.

செங்கமாரியில் செத்தாள் என்றுதான் அப்போது உனக்கு எழுதினேன். ஊரும் அதையே சொன்னது, இன்றைக்கும் அதையே சொல்கிறது. பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை. மற்றப் பாதியைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. பட்டணத்திலிருந்து வேறு போதகர் வரமுடியாமல் ஷெல் அடித்துக்கொண்டிருந்தபடியால், அவரே தன் பிள்ளையின் அடக்க ஆராதனையை நடத்தினார். குரல் நடுங்கவில்லை. மண் போடக் குனிந்தபோதுதான் கை பிடியை விடவில்லை. அப்பா போய் அந்தக் கையைப் பிடித்து விரல்களை விரித்துவிட்டார். திரும்பி மிசன் வீட்டுக்கு வந்தால், விறாந்தையில் அரிசி. சாக்கிலும் கடகத்திலும் பனையோலைப் பெட்டியிலுமாக, சுவரோரம் முழுவதும் அரிசி. பெரிய மூப்பர்கூட ஒரு மூட்டை கொண்டுவந்து வைத்திருந்தார். அவ்வளவு அரிசி எங்கள் வீடுகளில் இருந்தது, மகனே. கூப்பிடு தூரத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கோழிக்கூட்டடிக்குப் போனார். தவிட்டைக் கொட்டிவிட்டு அந்த முட்டியைக் கிணற்றடியில் வைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். கல்யாணம் கட்டின நாள் முதல் ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவி நான் கண்டதில்லை அந்த மனுசனை. கழுவிக்கொண்டே இருந்தார். "காணுமப்பா, வெளிச்சுப் போச்சுது" என்றேன். "நான் சொல்லித்தானே நிப்பாட்டினது" என்றார். அடுத்த சனிக்கிழமை நான் கடகத்தைத் தூக்கியபோது அவரும் கூடவே வந்தார். பின்வேலிப் பக்கம் போகும்போது பரமேஸ் அக்கா வேலிப் பொட்டுக்குள்ளாலே கை நீட்டி ஒரு பிடி அரிசியைக் கடகத்துக்குள் போட்டா. "உங்கடை கடவுளுக்கில்லை, தங்கச்சி. அந்தப் பிள்ளைக்கு" என்றா. இன்றுவரை தவறவிட்டதில்லை.

சில மாதம் கழித்துக் கடல் வழியாக ஆட்கள் போய்வரத் தொடங்கியதும், நிதியம் கொழும்பில் தங்கிப்போன சம்பளம் முழுவதையும் ஒரு நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தனுப்பியது. கூடவே, போதகர் விரும்பினால் குடும்பத்தோடு கொழும்புக்கு வரலாம், அங்கே ஒரு சபை காத்திருக்கிறது என்றும் சொல்லியனுப்பியது. நாங்கள் அவர் போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். போனால் குறை சொல்ல எங்களுக்கு என்ன வாய் இருக்கிறது? போதகரம்மாதான் மறுத்தா. "அவளை இஞ்சை விட்டிட்டு நான் எங்கை போறது?" என்றா. அவ்வளவுதான் கதை. அவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். உன் சைக்கிள் மணி அவவிடம் இருக்கிறது. நான் இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். நிதியத்தின் காசு வந்தாலும் போகிறேன், வராவிட்டாலும் போகிறேன். முன்கதவால் போவதில்லை.

இதை வைத்து நிதியம் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் சபையின் காசு இன்னும் கட்டிலின் கீழேதான் கிடக்கும். போதகர்மாருக்கு உதவி வேண்டும், மூப்பர்மாருக்குப் படிப்பு வேண்டும், கணக்கு எல்லாருக்கும் முன்னால் வெளிச்சமாக இருக்கவேண்டும். அந்த வேலைக்கு உன்னைவிட நல்ல ஆள் கிடையாது என்று பெற்றவள் சொன்னால் எடுபடாது, ஆனாலும் சொல்கிறேன். நான் கேட்பது, சபைகளின் சுமை முழுவதையும் நீ எடுத்துவிடாதே என்பதுதான். சுமை என்று நீ எழுதியிருக்கிறாய். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பிடி அரிசியால் ஒரு வீடும் ஏழையாகாது. ஆனால் அந்தப் பிடியை அள்ளுகிற ஒவ்வொரு நேரமும் மிசன் வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது என்ற நினைவு ஊரிலுள்ள ஒவ்வொரு குசினியிலும் வந்துபோகும். அதை நிறுத்திய அன்றே அந்தக் குடும்பம் எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. நீ கொடு, தாராளமாகக் கொடு. கொஞ்சத்தை எங்களுக்கு மிச்சம் விடு.

உன் சட்டங்களில் ஒன்றைக் கூட்டிச் சேர்க்கவும் வேண்டும். போதகர் கைநீட்டக்கூடாது என்ற சட்டம் இருக்கட்டும். அதற்குக் கீழே, ஒவ்வொரு கிழமையும் சபையிலிருந்து ஒருவர் போதகர் வீட்டுக் குசினி வரைக்கும் போய்வரவேண்டும் என்று எழுது. விறாந்தை வரைக்கும் என்று எழுதிவிடாதே. விறாந்தையில் எல்லாருமே சாப்பிட்டவர்கள்தான். கொழும்பில் படித்த பெரியவர்கள், இதென்ன குசினிச் சட்டம் என்று சிரிப்பார்கள். சிரித்து முடியட்டும், பிறகு றஞ்சியைப் பற்றிச் சொல். களஞ்சியத்தின் திறப்பை வைத்திருப்பவனுக்கு எத்தனை மூட்டை உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று தெரிந்தால் மட்டும் போதாது; பந்தியில் யார் இன்னும் சாப்பிடவில்லை என்றும் தெரியவேண்டும். அந்தக் கண்ணாடி ஐயா இதைக் கரும்பலகையில் எழுதவில்லை.

இனி நமது வீட்டுக் கதை ஒன்று. இதையும் எழுதுவதா விடுவதா என்று இரண்டு மனமாக இருந்தேன். இவ்வளவையும் உனக்கு எழுதிவிட்டு இதை மறைத்தால், நானும் விறாந்தையில் கதிரை இழுத்துப் போடுகிறவள் ஆவேன். நீ மாதா மாதம் எங்களுக்குக் காசு அனுப்புகிறாய். ஆள் தேடிப் பிடித்து, பத்திரமாகச் சுற்றி, ஒரு மாதமும் தவறவிடாமல் அனுப்புகிறாய். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறாய். சுகமாக இருக்கிறோம் என்று நானும் எழுதுகிறேன். நீ இங்கிருந்து போய் எவ்வளவு காலம். பாதை பூட்டியிருந்தது, உன்மேல் குற்றமில்லை. ஆனாலும் கிளாலியால் சனம் போய்வருகிறதுதானே என்று என் மனம் சில நேரம் முணுமுணுக்கும். முன்பெல்லாம் என் கடிதத்தின் அடியில் அப்பா தன் கையால் இரண்டு வரி எழுதுவார். அது நின்றுபோய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஏன் என்று நீ கேட்கவில்லை.

அப்பாவுக்குக் கண் தெரிவதில்லை, மகனே. வெள்ளை படர்ந்து வந்து இரண்டு கண்ணையும் மூடிவிட்டது. வெட்டி எடுக்கலாம் என்கிறார்கள், இங்கே அதற்கு வசதி இல்லை. உனக்கு எழுதக்கூடாது என்று என் கையில் சத்தியம் வாங்கிவிட்டார். பிள்ளை அங்கே தனியே இருந்து யோசிப்பான் என்று சொன்னார். போதகருக்கு ஒரு சட்டம் இருந்தது போல அவருக்கும் ஒரு சட்டம். அந்தச் சத்தியத்தை இன்று நான் மீறுகிறேன்.

சமாதானம், பாதை திறக்கப்போகிறது என்றெல்லாம் இங்கே கதைக்கிறார்கள். திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒருதரம் வா. நீ படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அப்பா விறாந்தைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, உன் குரல் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்து, "ஓம் ஓம், எங்களுக்கென்ன, நல்ல சுகம்" என்பார். அவரை நம்பாதே. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்கு வா.

உன் அம்மா